யூதரே இல்லாத தெருவில் யூத வெறுப்பு எங்கிருந்து வந்தது?

நீங்கள் வியாசர்பாடிக்காரர். உங்கள் கேரம் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர். ஒருவர் செங்கொடித் தோழர், ஒருவர் தமிழ்த்தேசியம் பேசுபவர், ஒருவர் இந்துத்துவ அனுதாபி, இன்னொருவர் மண்ணடியில் கடை வைத்திருக்கும் பாய். தேர்தல் வந்தால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இந்த நால்வரும் ‘உலகத்தையே ஆட்டி வைக்கிறது யூதன்தான்’ என்ற ஒரே சரக்கை மாறி மாறிப் போடுகிறார்கள். அது உண்மையா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியில் தெரிகிறது: எதிரும் புதிருமான ஆட்களுக்கு ஒரே பொய் எப்படிப் பொருந்துகிறது? அதை மறுத்தால் ‘நீ இஸ்ரேல் ஆளா?’ என்கிறார்களே, எப்படி மறுப்பது? நவீன ஐரோப்பிய வரலாறு கற்பிக்கிறவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

ஒரே பொய் எல்லாருக்கும் பொருந்தக் காரணம், அது யூதரைப் பற்றிய செய்தியே அல்ல என்பதுதான். ‘நம் கஷ்டத்துக்கெல்லாம் காரணமான ஒரு மறைவான கை இருக்கிறது’ என்பது ஒரு காலி நாற்காலி. அதில் யாரை உட்கார வைக்கலாம் என்று ஒவ்வொரு தீவிரவாதமும் தேடுகிறது. ஐரோப்பாவில் இரண்டாயிரம் வருடமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் யூதர். நாஜிகள் அவரைப் பணமுதலை என்றார்கள், அதே மூச்சில் கம்யூனிஸ்டு என்றார்கள். இரண்டும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று கேட்டால், ‘அதுதான் அவன் தந்திரம்’ என்று பதில் வரும். ஸ்டாலின் ஆட்சியில் அதே யூதர் ‘வேரற்ற உலகக் குடிமகன்’ ஆனார். 1953 ஜனவரி 13 அன்று பிராவ்தா இதழ், பெரும்பாலும் யூதர்களான மருத்துவர்கள் சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக எழுதியது. மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் அதே அரசு ‘வழக்கு பொய்’ என்று ஒப்புக்கொண்டது. உங்கள் தோழர் ஒருவேளை இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்குத் தனியாகச் சொல்ல ஏற்ற செய்தி இது. வெள்ளை இனவெறியருக்கு யூதர், அகதிகளைக் கொண்டுவந்து இறக்கி நாட்டை மாற்றுகிறவர். 2018 அக்டோபர் 27இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் யூத ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவனின் மண்டையில் ஓடியது இதுதான். அடுத்த மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 முஸ்லிம்களைக் கொன்றவனும், ‘நம்மை அகற்றிவிட்டு வேறு ஆளை நிரப்புகிறார்கள்’ என்ற அதே கதையைத்தான் நம்பினான். மண்ணடி பாய்க்கு இதைச் சொல்லுங்கள்: யூதனைச் சுட்ட கதையும் தொழுகையில் இருந்தவரைச் சுட்ட கதையும் ஒரே பானையில் வெந்தவை.

அந்தப் பானை எங்கே செய்யப்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நம் ஊரில் கிண்டலாகவும் நிஜமாகவும் புழங்கும் ‘இலுமினாட்டி’ அங்கிருந்துதான் வருகிறது. 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம் அது. பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1785க்குள் அரசு தடைபோட்டு முடித்துவிட்டது. அதில் யூதருக்குப் பங்கு கிடையாது. 1797இல் பார்ருவேல் என்ற பாதிரியார் பிரெஞ்சுப் புரட்சியே இலுமினாட்டிகளும் ஃப்ரீமேசன்கள் என்ற இன்னொரு ரகசியச் சங்கத்தாரும் செய்த சதி என்று எழுதினார். அதிலும் யூதர் முக்கியமில்லை. 1806இல் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது: ‘எல்லாம் சரி, யூதரை விட்டுவிட்டீர்களே’ என்று. ஒட்டுச்செடி கட்டியதுபோல யூதர் அந்தக் கதைக்குள் வந்தது அதன் பிறகு. 1903 வசந்தத்தில் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்பு தன் பத்திரிகையில் வெறுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் குருஷெவான். அதே ஆள்தான் சில மாதம் கழித்து, பீட்டர்ஸ்பர்க்கில் நடத்திய இன்னொரு பத்திரிகையில், ‘யூத மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணத்தை முதன்முதலாக அச்சிட்டார். யூத மூப்பர்கள் ரகசியமாகக் கூடி உலகைப் பிடிக்கத் திட்டமிட்ட குறிப்பு என்று சொல்லி வந்த சரக்கு அது. 1921இல் லண்டன் டைம்ஸ் அதைத் தோலுரித்தது. 1864இல் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரீஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியிருந்தார்கள். மூல நூலில் யூதரைப் பற்றிய பேச்சே இல்லை. திருட்டு வெளிப்பட்டு 67 வருடம் கழித்து, 1988இல், ஹமாஸின் சாசனம் 32ஆம் பிரிவில் அதே நெறிமுறைகளை ஆதாரமாகக் காட்டியது. 2017இல் ஹமாஸ் வெளியிட்ட ஆவணம், சண்டை யூத மதத்தோடு அல்ல என்று மொழியை மாற்றிக்கொண்டது. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

குழுவில் வரும் செய்திகளை இனி ஒவ்வொன்றாக எடுக்கலாம். ‘உலகத்து மத்திய வங்கிகளெல்லாம் ரோத்ஸ்சைல்டு குடும்பத்துடையது’ என்று வந்தால், ராஜாஜி சாலையில் நிற்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தைக் கைகாட்டுங்கள். 1935இல் தொடங்கிய அந்த வங்கி 1949 ஜனவரி 1 முதல் முழுக்க இந்திய அரசுடையது. ரோத்ஸ்சைல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய வங்கிக் குடும்பம் என்பது உண்மை. பிராங்க்பர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என ஐந்து நகரங்களில் கடை போட்டார்கள். ஆனால் நேப்பிள்ஸ் கடை 1863இலும், பிராங்க்பர்ட் கடை 1901இலும் மூடப்பட்டன. வியன்னா வங்கியை 1938இல் நாஜிகள் பிடுங்கிக்கொண்டார்கள். உலகத்தை ஆள்கிறவரிடமிருந்து வங்கியைப் பிடுங்க முடிகிறது பாருங்கள். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டையின் முடிவை முன்கூட்டியே அறிந்து நாத்தன் ரோத்ஸ்சைல்டு லண்டன் பங்குச்சந்தையைச் சுருட்டிய கதையை 1846இல் பாரிசில் வந்த ஒரு தூற்றல் துண்டுநூல் பரப்பியது. அதில் ஆசிரியர் இட்டுக்கொண்ட பெயரே ‘சாத்தான்’.

‘சில யூதர்களை விட்டுவைத்தேன், நான் ஏன் கொன்றேன் என்று உலகம் பின்னால் புரிந்துகொள்ளும்’ என்று ஹிட்லர் சொன்னதாக ஒரு படம் சுற்றுகிறது. அது பொய். பொய் என்று சொல்வதைவிட, அவர்கள் வைத்திருந்த பட்டியலைக் காட்டுவது நல்லது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் வான்சேயில் கூடிய அதிகாரிகள் நாடுவாரியாக யூதர் எண்ணிக்கை வைத்திருந்தார்கள். மொத்தம் 1 கோடியே 10 லட்சம். தங்கள் பிடிக்குள் வராத இங்கிலாந்தும் அதில் உண்டு, 4,000 யூதர் வாழ்ந்த அயர்லாந்தும் உண்டு. யாரையும் விட்டுவைக்கும் எண்ணம் இல்லை. கைக்கு எட்டிய சுமார் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். ‘ஹிட்லர் நேதாஜிக்கு உதவியவர்’ என்று தமிழ்த்தேசிய நண்பரோ இந்துத்துவ நண்பரோ ஆரம்பித்தால், நடைபாதையில் தமிழிலேயே விற்கும் ஹிட்லரின் நூலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியா வேறு யாரிடமும் போவதைவிட ஆங்கிலேயரிடம் இருப்பதையே விரும்புவேன் என்று அதில் எழுதியிருக்கிறார். 1937 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு சந்தித்தபோது காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னவரும் அவரே. ஒரு எச்சரிக்கை: ஜெர்மனியில் இருந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையிடம் ஹிட்லர் எழுதி மன்னிப்புக் கேட்ட கதையை வாதத்துக்கு எடுக்காதீர்கள். செண்பகராமன் 1934இல் பெர்லினில் இறந்தது உறுதி. மன்னிப்புக் கடிதம் கேள்விப்பட்ட கதையாகவே நிற்கிறது. நம் பக்கத்துப் பொய்யை வைத்து அவர்கள் பொய்யை அடித்தால் ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு வகை, திட்டாமல் புகழ்கிற செய்தி. யூதக் கர்ப்பிணிகள் கணக்குப் போடுவார்கள், பாதாம் தின்பார்கள், அதனால்தான் பிள்ளைகள் உலகை ஆள்கிறார்கள் என்று வருமே, அது. எங்கும் நடக்காத ஆய்வு. நல்லதைத்தானே சொல்கிறது என்று விடாதீர்கள். ‘எல்லாரும் ஒரே மாதிரி, எல்லாரும் சேர்ந்து ஆள்கிறார்கள்’ என்ற அச்சு அதிலும் அதேதான். உலகத்தில் யூதர் மொத்தம் ஒன்றரைக் கோடிச் சில்லறை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7.2 கோடி.

‘நெருப்பில்லாமல் புகையுமா, ஐரோப்பாவில் யூதர் வட்டிக்கு விட்டது உண்மைதானே’ என்ற கேள்விதான் இருப்பதிலேயே கடினமானது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இடைக்கால ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர் நிலம் வாங்க முடியாது, கைவினைச் சங்கங்களில் சேர முடியாது. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்தது. எனவே சிலர் அந்தத் தொழிலுக்குப் போனார்கள், மன்னர்களும் அவர்களைப் போக வைத்து வரி கறந்தார்கள். பெரும்பான்மை யூதர் ஏழைகள்: தையல், தோல், தள்ளுவண்டி. சௌகார்பேட்டை அடகுக்கடையில் வட்டி ஏறிவிட்டது என்று ஒருவர் கோபப்பட்டால் அது நியாயமான கோபம். கடைக்கு முகவரி இருக்கிறது, ரசீதில் வட்டி விகிதம் இருக்கிறது, கேள்வி கேட்கலாம். அதே வாய் ‘இந்த சேட்டுங்களே இப்படித்தான்’ என்று முடித்தால், மூட்டை தூக்கும் ராஜஸ்தான் பையனும் அதில் சேர்ந்துவிடுகிறான். நழுவல் நடக்கும் இடம் அந்த ‘ங்களே’.

இந்த நழுவலுக்குப் பலியானவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 1930களில் நெல் விலை விழுந்தபோது, கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள், அங்கே வட்டிக்கு விட்ட தமிழ்ச் செட்டியார் கடைகளுக்குப் போயின. 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கையில். பர்மியரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1930 மே மாதம் ரங்கூனில் கத்தி பாய்ந்தது யார் மேல்? துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்குக் கூலிகள் மேல். பணப்பெட்டி வைத்திருந்தவர் தெருவில் நிற்கவில்லை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது, லட்சக்கணக்கில் இந்தியர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பல் ஏறினார்கள். வியாசர்பாடியில் குடியமர்ந்த பர்மாக்காரர்களும், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்பவர்களும் அந்த வழியில் வந்தவர்கள். ‘நாட்டைச் சுரண்ட வந்த அந்நியன்’ என்ற நாற்காலியில் அன்று உட்கார வைக்கப்பட்டது தமிழன். குழுவில் நீங்கள் ஒரே ஒரு வாதம்தான் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஐரோப்பிய வரலாறு யாருக்கும் ஒட்டாது, பாட்டி கதை ஒட்டும்.

சொல்லப்போனால் யூதரும் நம்மூருக்குப் புதியவர்கள் அல்ல. பவழக்காரத் தெருவின் பெயர், மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போன யூத வணிகர்களை நினைவூட்டுவது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மன்கள் என்ற மன்ற உறுப்பினர்கள் பன்னிருவரில் மூவர் யூதர். இந்தியாவில் யூதர் துன்புறுத்தப்படவில்லை என்று பெருமைப்படுவது பெரும்பாலும் சரியே. 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நரிமன் ஹவுசுக்குள் லஷ்கர்-இ-தொய்பா ஆட்கள் தேடிப் போய் ஆறு பேரைக் கொன்றதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு வயதுக் குழந்தை மோஷேயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் சாண்ட்ரா சாமுவேல் என்ற இந்தியத் தாதி.

இப்போது ‘நீ இஸ்ரேல் ஆளா?’ என்பதற்கு வருவோம். காசாவில் குண்டு போடுவதைக் கண்டிப்பதும், நெதன்யாகு அரசைத் திட்டுவதும், பாலஸ்தீனருக்கு நாடு வேண்டும் என்பதும் யூத வெறுப்பு ஆகாது. எல்லை எங்கே என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. 2016இல் சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட யூத வெறுப்பு வரையறை, இஸ்ரேல் விமர்சனத்தை எளிதாக வெறுப்பில் சேர்த்துவிடுகிறது என்று கருதிய அறிஞர்கள் 2021இல் ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று எழுதினார்கள். அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம். தெருவுக்கு ஒரு சோதனை போதும். வந்த வாக்கியத்தில் ‘யூதன்’ என்பதை எடுத்துவிட்டு ‘இஸ்ரேல் அரசு’ என்று போடுங்கள். வாக்கியம் இன்னும் துல்லியமானால் அது அரசியல், விவாதிக்கலாம். ‘ஊடகமும் வங்கியும் சினிமாவும் இஸ்ரேல் அரசு கையில்’ என்று அபத்தமானால், ஆரம்பத்திலிருந்தே பேச்சு அரசைப் பற்றியதல்ல. இதே சோதனை மறுபக்கமும் பாயும்: காசாக் குழந்தையின் சாவைக் கொண்டாடுகிற செய்தியில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஹமாஸ்’ என்று போட்டுப் பாருங்கள். 1991 மே மாதத்துக்குப் பிறகு ஈழத்து அகதி ஒவ்வொருவரையும் புலி என்று பார்த்த காலத்தைப் புழல் காவாங்கரை முகாமில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரிஸ் யூதக் கடைக்காரரிடம் காசாவுக்குக் கணக்குக் கேட்பது அந்த ரகம்.

செய்முறைக்கு வருகிறேன். குழுவில் எல்லார் முன்னாலும் மறுக்காதீர்கள். மானப் பிரச்சினையாகிவிட்டால் ஆள் பின்வாங்க மாட்டார். தனியே கூப்பிட்டு, டீ சொல்லிவிட்டு, இதை ஏன் போட்டார் என்று கேளுங்கள். ஒருவருக்கு வெறும் தமாஷ், ஒருவருக்கு காசாப் படங்களைப் பார்த்த வேதனை, ஒருவருக்குத் தன் கடன். மூவருக்கும் ஒரே மருந்து உதவாது. மறுக்கும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை ஒரே ஒருமுறை தொடுங்கள், அது எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லி, உண்மையிலேயே முடியுங்கள். அந்தப் படத்தைத் திரும்ப அனுப்பி மறுக்காதீர்கள். மறுப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்தான் அதிகம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கையாவது மாறி வந்தது என்று பொருள். ‘உனக்கு யார் அனுப்புனது, அவருக்கு யாரு?’ என்று கேட்டாலே பாதிப் பேர் யோசிப்பார்கள். அடுத்து பெயர் கேளுங்கள்: ‘யூதன் விலைய ஏத்துறான்னா எந்த ஆளு, எந்த ஆபீஸ், எந்த ஆர்டரு?’ 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. பெயர், தேதி, கோப்பு எல்லாம் இருந்தன. உண்மையான அநியாயத்துக்கு முகவரி இருக்கும். வரப்போவதை முன்பே சொல்லி வைப்பதும் உதவும்: ஒரு நோயோ போரோ தொடங்கினால் ‘இவர்கள்தான் பரப்பினார்கள்’ என்று செய்தி வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. 2020இல் ராயபுரம் மண்டலத்தில் தொற்று ஏறியபோது தப்லீக் பேரைச் சொல்லி எப்படிப் பரவியது என்று எல்லாருக்கும் தெரியும். 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிணற்றில் விஷம் கலந்ததாக யூதர்களை எரித்தார்கள். கொள்ளைநோய் அந்த ஊருக்கு அப்போது வந்தே சேரவில்லை. யூதரும் அதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே எழுதியிருந்தார். சரியான தகவல்தான், உயிர்களைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் தகவலைவிட ஆளோடு உள்ள உறவை முன்னால் வைக்கிறேன்.

மறுத்தால் பொய் இன்னும் இறுகிவிடும் என்று ஒரு பயம் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளில் அப்படி நடப்பது அரிது என்றே தெரிகிறது, தைரியமாக மறுக்கலாம். முன்னெச்சரிக்கை வேலை செய்கிறது, ஆனால் பலன் சிறியது, நாளாக மங்கும், திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். மத நூலைக் காட்டுகிறவரிடம் அவர் மதத்துக்குள்ளிருந்தே பேசுங்கள். ராயபுரத்துக் கத்தோலிக்க நண்பர் ‘இயேசுவைக் கொன்றவர்கள்’ என்றால், இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக் கூடாது என்று 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்திருக்கிறது. பாயிடம், 2015 ஜனவரியில் பாரிஸ் யூதக் கடையில் துப்பாக்கிக்காரன் புகுந்தபோது வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்த மாலி நாட்டு முஸ்லிம் ஊழியர் லசானா பத்திலியைப் பற்றிச் சொல்லுங்கள்.

குழுவை விட்டு வெளியேறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இத்தகைய இயக்கங்களிலிருந்து வெளியே வந்தவர்கள் பலரும் சொல்வது, வாதத்தில் தோற்று வரவில்லை, வெளியே பேசுவதற்கு ஒரு ஆள் மிச்சம் இருந்ததால் வந்தோம் என்பது. ஆனால் பேச்சு ‘அவன் கெட்டவன்’ என்பதிலிருந்து ‘முடிச்சிடணும்’ என்பதற்கு மாறினால், கொலைகாரர்களின் அறிக்கையைப் பகிர்ந்தால், இடமோ தேதியோ சொன்னால், அது டீக்கடையில் தீர்கிற விஷயம் அல்ல. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். சமூகங்களுக்குள் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தப் பிரிவைக் கிறுக்குத்தனமான ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் காட்டி மிரட்டாதீர்கள், ‘உண்மையைச் சொன்னால் ஜெயிலா’ என்று அடுத்த செய்தி அதிலிருந்தே தயாராகிவிடும். மனநலப் பிரச்சினையா, வெறும் வெறியா என்று எழுத்தை வைத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. வீட்டார் கவனித்து, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடத்தில் காட்ட வேண்டிய கட்டமும் இதில் உண்டு.